ரெண்டு பொண்ணுங்க காதலிச்சா கதை எப்படி முடியணும்? பேய்க்கதையிலிருந்து ஃபேன்டஸி வரை ஒரு ரவுண்டு!

காரவள்ளியைத் தாண்டி பஸ் மலையேற ஆரம்பிச்சதும் வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட போர்டு வரும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போக போன்ல சிக்னல் எப்போ இருக்கும், எப்போ போகும்னு சொல்ல முடியாது. விவரமான பிள்ளைங்க பாட்டு, படம், கதை எல்லாத்தையும் அடிவாரத்துலயே டவுன்லோடு பண்ணி வெச்சுக்குவாங்க.

அந்த பஸ்ல ஒரு பொண்ணைக் கற்பனை பண்ணிக்குவோம். நாமக்கல்ல காலேஜ் படிக்கிறா. லீவுக்கு பெரக்கரை நாட்டுல இருக்கிற வீட்டுக்குப் போறா. கொல்லிமலையில 'நாடு'ன்னா சில சிற்றூர்கள் சேர்ந்த பகுதி. வாழவந்தி நாடு, தேவானூர் நாடு மாதிரி பெரக்கரை நாடும் ஒண்ணு. ஜன்னல் சீட், ஒரு காதுல இயர்போன், கையில போன். போன்ல ஒரு நாவல். கதையில ரெண்டு பெண்கள். ஒருத்தியை இன்னொருத்திக்குப் பிடிக்க ஆரம்பிக்குது. இவ என்ன பண்றா தெரியுமா? நேரா கடைசிப் பக்கத்துக்குத் தாவுறா.

சஸ்பென்ஸ் தாங்காம இல்லை. ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்களான்னு பார்க்கறதுக்கு!

பெண்ணைப் பெண் காதலிக்கும் கதைகளைத் தேடிப் படிக்கிறவங்ககிட்ட பேசிப் பாருங்க. இந்தப் பயம் அவங்களுக்கு நல்லாத் தெரியும். ஏன்னா இந்த மாதிரி கதைகள்ல சாவு, பைத்தியம், பிரிவு, இல்லைன்னா ஓர் ஆணோட கல்யாணம், இந்த நாலுல ஒண்ணுதான் ரொம்பக் காலமா முடிவா இருந்தது. செய்தித்தாளும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. 'தோழிகள் இருவர் விபரீத முடிவு'ன்னு ஒரு தலைப்பு. அதுக்குள்ள காதல்ங்கிற வார்த்தையே இருக்காது.

அந்த முடிவு எப்படி மாறுச்சு, எந்த வகைக் கதை அதை மாத்துச்சு, தமிழ்ல நாம எங்கே நிக்கிறோம்? இதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு பேரு

சாஃபோங்கிறவர் சுமார் 2,600 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவுல வாழ்ந்த பெண் கவிஞர். பெண்கள் மேல இருந்த பிரியத்தையும் ஏக்கத்தையும் அவர் பாடினார். தீவோட பேர்ல இருந்து 'லெஸ்பியன்' வந்தது, கவிஞரோட பேர்ல இருந்து 'சாஃபிக்' வந்தது. பெண்ணை மட்டும் விரும்பும் பெண், இருபாலரையும் விரும்பும் பெண், இன்னும் தனக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு முடிவு பண்ணாத பெண்... எல்லார் கதைக்கும் இடம் கொடுக்கிற சொல் சாஃபிக்.

இந்தச் சொல் பரவினதுல ஒரு நடைமுறை வசதியும் இருக்கு. 'லெஸ்பியன்'னு தேடினா போன்ல என்ன வந்து கொட்டும்னு உங்களுக்கே தெரியும். ஆண்கள் பார்க்கறதுக்காக ஆண்கள் எடுத்த வீடியோக்கள். 'சாஃபிக்'னு தேடினா நாவல், காமிக்ஸ், கவிதைன்னு வரும். தன்னைப் பத்தித் தெரிஞ்சுக்கத் தேடுற 17 வயசுப் பொண்ணுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

பேர் இல்லாமப் பண்றது ஒரு தண்டனைன்னு அதிகாரத்துல இருந்தவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருந்தது. 1921-ல பெண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல ஒரு முயற்சி நடந்தது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. பெண்கள் மேல இரக்கப்பட்டு இல்லைங்க! சட்டம் போட்டா, இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாத பெண்களுக்கும் தெரிஞ்சிடுமேங்கிற பயம். சட்டத்தைவிட மௌனம் பலமான பூட்டுன்னு நம்பினாங்க.

பேய்க்கதை: அழகுன்னா ஆபத்து

கொல்லிமலைப் பொண்ணுக்கு இந்த வகை புதுசே இல்லை. அவ ஊர்லயே கொல்லிப்பாவை இருக்கா. சங்கப் பாடல்கள்ல தலைவியின் அழகுக்கு உவமையா வர்றவ. முனிவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வர்றவங்களைச் சிரிச்சு மயக்கிக் கொல்றதுக்காக தேவர்கள் செஞ்சு வெச்ச பாவைன்னு ஊர்க் கதை சொல்லும். இன்னிக்கு எட்டுக்கை அம்மனா கும்பிடப்படுறதும் அவள்தான்னு சொல்றாங்க. அந்தப் பாவையைப் பார்த்து மயங்குறவங்க ஆண்கள். ஒரு பொண்ணு பார்த்து மயங்கினா என்ன ஆகும்?

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு அந்தக் கேள்வியை 1872-லயே கேட்டுட்டார். அவரோட 'கார்மில்லா' குறுநாவல்ல ரத்தக்காட்டேரி ஒரு பெண். அவ தேடி வர்றதும் ஒரு பெண்ணை. உலகமே கொண்டாடுற 'டிராகுலா' வந்தது 1897-ல. அதுக்கு 25 வருஷம் மூத்தவ இந்தக் கார்மில்லா.

கடைசியில அவளைக் கல்லறையில தேடிப் பிடிச்சுக் கொன்னுடறாங்க. பெண்ணை விரும்பும் பெண்ணை அந்தக் காலத்துல காட்டணும்னா அவளைப் பேயாத்தான் காட்ட முடிஞ்சது. ஆனா பேயாவாவது உள்ளே நுழைஞ்சுட்டா. இன்னிக்கும் கார்மில்லாவை விரும்பிப் படிக்கிற பெண்கள் பலருக்கு அந்தப் பேய் மேலதான் பாசம்.

கோர்ட்டுக்குப் போன கதைகள்

1928-ல லண்டன். ராட்க்ளிஃப் ஹால் எழுதின 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவல்ல அந்தரங்கக் காட்சின்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே கிடையாது. எங்களையும் வாழ விடுங்கன்னு கேட்கிற சோகமான கதை. ஆபாசம்னு தீர்ப்பாகி, பிரதிகளை அழிக்க உத்தரவு வந்தது.

அடுத்த வழக்கு நம்ம பக்கம். உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் 1942-ல 'லிஹாஃப்' சிறுகதையை வெளியிட்டார். லிஹாஃப்னா ரஜாய், குளிருக்குப் போர்த்துற கனமான போர்வை. கணவனால கண்டுக்கப்படாத பேகம், அவளைக் கவனிச்சுக்கிற வேலைக்காரப் பெண், ராத்திரி சுவர்ல அசையுற போர்வையின் நிழல். எல்லாத்தையும் ஒரு சின்னப் பொண்ணு பார்க்கிறா. அவளுக்குப் புரியலை, படிக்கிற நமக்குப் புரியுது. லாகூர் கோர்ட்டுல வழக்கு நடந்தது. கதையில எந்த வார்த்தை ஆபாசம்னு எதிர்த்தரப்பு சாட்சிகளால சுட்டிக்காட்ட முடியலை. சுக்தாய் ஜெயிச்சார்.

ஒரு வார்த்தைகூட வெளிப்படையாச் சொல்லாததாலதான் லிஹாஃப் தப்பிச்சது. அது அந்தக் கதையோட சாமர்த்தியம். அந்தக் காலத்தோட வேதனையும் அதுதான். இதே மாதிரி கருவை எடுத்துக்கிட்டு தீபா மேத்தா இயக்கின 'ஃபயர்' படம் 1998-ல இந்தியாவுல வந்தப்போ தியேட்டர்களையே உடைச்சாங்க. போர்வைக்குள்ள இருக்கிற வரைக்கும் விட்டுவெச்சாங்க, திரையில வந்ததும் கல்லை எடுத்தாங்க.

ரொமான்ஸ்: முதல் சந்தோஷ முடிவு

அந்தக் கடைசிப் பக்கத்தை மாத்தின புத்தகம் 1952-ல அமெரிக்காவுல வந்தது. 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்.' ஒரு கடையில வேலை பார்க்கிற இளம்பெண், பொம்மை வாங்க வர்ற திருமணமான பெண், ரெண்டு பேருக்கும் காதல். அட்டையில கிளேர் மார்கன்னு பேர். உண்மையில எழுதினவர் கிரைம் கதைகளுக்குப் பேர்போன பட்ரீஷியா ஹைஸ்மித். தன் பேர்ல அதை வெளியிட அவருக்குக் கிட்டத்தட்ட 40 வருஷம் ஆச்சு. அதுதான் 2015-ல 'கரோல்'னு படமா வந்தது.

கதை நாயகிகள் அதுல சாகலை, 'திருந்தி' ஓர் ஆணைக் கல்யாணம் பண்ணிக்கலை. சேர்ந்து வாழலாம்ங்கிற நம்பிக்கையோட கதை முடியுது. அவ்வளவுதான். அதுக்கே வாசகர்கள் கட்டுக்கட்டா கடிதம் எழுதினாங்க. எங்களை மாதிரி ஆட்களுக்கும் நல்ல முடிவு உண்டுன்னு இப்பத்தான் படிக்கிறோம்னு நன்றி சொல்லி எழுதினாங்களாம்.

ரொமான்ஸ் நாவல்னா நாம கொஞ்சம் இளப்பமாப் பார்ப்போம். கடைசியில சேர்ந்திடுவாங்கன்னு முன்கூட்டியே தெரியுமே, இதுல என்ன இருக்குன்னு கேட்போம். ஆனா சேர்ந்திடுவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு புத்தகத்தைத் திறக்கிற நிம்மதி இவங்களுக்கு 1952 வரைக்கும் பெருசாக் கிடைச்சதே இல்லை.

முடிவுல தொடங்கின காமிக்ஸ்

இந்தியாவுல 2008-ல அம்ருதா பாட்டீல் எழுதி வரைஞ்ச 'காரி' கிராஃபிக் நாவல் வந்தது. முதல் பக்கங்கள்லயே காதலிகள் ரெண்டு பேர் மாடியிலிருந்து குதிக்கிறாங்க. ஒருத்தியை வலை தாங்கிடுது, அவ ஊரைவிட்டே போயிடறா. இன்னொருத்தி சாக்கடையில விழுந்து பிழைச்சுக்கிறா. அவதான் காரி. அதுக்கப்புறம் அவ வேலைக்குப் போறா, ரூம்மேட்களோட சண்டை போடுறா, சாகப்போற ஒரு தோழியைக் கவனிச்சுக்கிறா.

மத்த கதைகள் எந்த இடத்துல 'முற்றும்' போட்டதோ, அந்த இடத்துலதான் காரி தொடங்குது. மறுநாள் காலையில எழுந்து பஸ் பிடிச்சு வேலைக்குப் போகலாம்னு சொல்ற கதைக்கு என்ன மதிப்புன்னு அந்த நிலைமையில இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

நம்ம வீட்டு டைனிங் டேபிள்

ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட எஸ்.ஜே.சிந்து 2017-ல ஆங்கிலத்தில் எழுதின 'மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்' நாவல் நமக்கு இன்னும் பக்கத்துல வரும். அமெரிக்காவுல வாழும் தமிழ்ப்பெண் லக்கி. அவளுக்குப் பெண்களைப் பிடிக்கும். அவ கணவன் கிருஷ்ணாவுக்கு ஆண்களைப் பிடிக்கும். குடும்பத்துக்காக ரெண்டு பேரும் பேசி வெச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பாட்டியைப் பார்த்துக்க அம்மா வீட்டுக்கு வர்ற லக்கி, தன்னோட முதல் காதலி நிஷாவைப் பார்க்கிறா. நிஷாவுக்கு மாப்பிள்ளை பார்த்து, தேதியும் குறிச்சாச்சு.

இதுல வில்லனே கிடையாது. பாசமான அம்மா, பாட்டி, சொந்தக்காரங்க. அவங்க என்ன சொல்வாங்கங்கிற பயம். 'நாலு பேர் என்ன பேசுவாங்க'ன்னு கேட்டு வளர்ந்த எல்லாருக்கும் இந்த வீடு தெரியும். அது பாஸ்டன் பக்கம் இருந்தா என்ன, செம்மேட்டுல இருந்தா என்ன?

திரில்லர், சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி

கடந்த 20, 25 வருஷத்துலதான் பெரிய மாற்றம். சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்' (2002) பழைய லண்டன்ல நடக்கிற பக்கா திரில்லர். பணக்காரப் பெண்ணை ஏமாத்த வேலைக்காரியா அனுப்பப்படுற ஒரு திருட்டுப் பொண்ணு, நடுவுல வர்ற காதல், தலைகீழாப் புரட்டுற திருப்பம். இதையே கொரியாவுக்கு மாத்தி பார்க் சான்-வூக் 2016-ல 'தி ஹேண்ட்மெய்டன்' படம் எடுத்தார்.

'திஸ் இஸ் ஹவ் யு லூஸ் தி டைம் வார்' (2019) சயின்ஸ் ஃபிக்‌ஷன். எதிரெதிர் அணியில இருக்கிற ரெண்டு பெண் உளவாளிகள் காலத்தைத் தாண்டிக் கடிதம் எழுதிக்கிறாங்க. ஹியூகோ, நெபுலான்னு ரெண்டு பெரிய விருதும் வாங்கின குறுநாவல். தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) பழைய இந்தியாவை நினைவூட்டுற ஒரு கற்பனை உலகம். நாயகிகள் பேரு மாலினி, பிரியா! பக்கத்து வீட்டுப் பேர் மாதிரி இல்லை? மாலினி, பேரரசனான அண்ணன் சிறை வெச்ச இளவரசி. பிரியா, மந்திர சக்தியை மறைச்சுக்கிட்டு வாழுற வேலைக்காரி. 2022-ல உலக ஃபேன்டஸி விருது வாங்கிச்சு.

இந்த மூணு கதையிலயும் நாயகிகளுக்குத் தலைக்கு மேல வேற வேலை இருக்கு. போரை ஜெயிக்கணும், சொத்தைக் காப்பாத்தணும், சிம்மாசனத்தைப் பிடிக்கணும். காதல் அதுக்கு நடுவுல, எல்லாக் கதையிலயும் வர்ற மாதிரி வருது. 'நான் ஏன் இப்படி?'ன்னு 300 பக்கம் அழாத நாயகியைப் படிக்கிறது ஒரு தனி சுகம்.

சரி, தமிழ்ல?

திரையில கொஞ்சம் நகர்ந்திருக்கோம். 2020-ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த 'பாவக் கதைகள்' ஆந்தாலஜியில விக்னேஷ் சிவன் இயக்கின பகுதி, 2022-ல பா.இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது', 2025 காதலர் தினத்தன்னிக்கு வந்த 'காதல் என்பது பொதுவுடமை'. கடைசிப் படத்துல லிஜோமோல் ஜோஸ், தன் காதலியை அம்மா ரோகிணிக்கு அறிமுகப்படுத்துறார். முற்போக்கா பேசுற அந்த அம்மா, சொந்த வீட்டுல அது நடக்கும்போது தடுமாறுறாங்க.

எழுத்துல, சென்னையில 'குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ்' 2018-ல இருந்து இதுக்குன்னே இலக்கிய விழா நடத்தியிருக்கு, தமிழ்லயும் புத்தகம் போட்டிருக்கு. ஆனா தமிழ்ல என் கைக்குக் கிடைச்ச சாஃபிக் எழுத்து பெரும்பாலும் கவிதை, சிறுகதை, கட்டுரை. நம்ம அம்மாக்கள் விரும்பிப் படிச்ச ரமணிசந்திரன் பாணி குடும்ப ரொமான்ஸ், அப்பாக்கள் பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கின ராஜேஷ்குமார் பாணி கிரைம் நாவல், இந்த மாதிரி ஜனரஞ்சக வகையில ரெண்டு நாயகிகள் காதலிக்கிற கதையைத் தேடினா சட்டுனு சிக்க மாட்டேங்குது. ஆங்கிலத்துல இருக்கே, படிச்சுக்கலாமேன்னு சொல்லலாம். விலையும் மொழியும் எல்லாருக்கும் எட்டாது. எட்டினாலும் அதுல வர்றவ மும்பைக்காரி, பாஸ்டன்காரி. மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரமும் பலா வாசனையும் இருக்கிற ஊர்ல ஒரு பழங்குடிப் பொண்ணுக்கு இந்த மனசு வந்தா அவ யார்கிட்ட பேசுவா? அந்தக் கதையை நான் இன்னும் படிக்கலை.

கதையைவிட வேகமாப் போற கோர்ட்

வேடிக்கை என்னன்னா, இந்த விஷயத்துல கோர்ட்டு நம்ம கதைகளை முந்திடுச்சு. 2018 செப்டம்பர் 6-ல உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவைத் திருத்தி வாசித்து, வயதுவந்தவர்களின் சம்மத உறவு குற்றமில்லைன்னு சொன்னது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட ரெண்டு பெண்களோட வழக்கை சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். எனக்கே இதுல சரியான புரிதல் இல்லைன்னு சொல்லி, ஓர் உளவியல் நிபுணர்கிட்ட தானே போய்க் கத்துக்கிட்டார். 2021 ஜூன் 7-ல வந்த உத்தரவுல, பாலீர்ப்பை 'மாத்துறேன்'னு செய்யப்படுற சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியா 2022 ஆகஸ்ட்ல, மரியாதையான தமிழ்ச் சொற்கள் கொண்ட பட்டியலைத் தமிழக அரசு அரசிதழ்ல வெளியிட்டது. பேரு கிடைச்சுது!

2023 அக்டோபர் 17-ல, தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனா 2025 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ரெண்டு நீதிபதிகள் அமர்வு, வீட்டுல அடைச்சு வைக்கப்பட்ட 25 வயசுப் பெண்ணை விடுவிச்சப்போ ஒரு விஷயத்தைச் சொன்னது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை, தானா தேர்ந்தெடுத்துக்கிற குடும்பமும் குடும்பம்தான்.

ரெண்டு வழக்கோட தொடக்கமும் பாருங்க, பெத்தவங்க கொடுத்த புகார் அல்லது வீட்டுக்குள்ள போட்ட பூட்டு. தீர்ப்பு எவ்வளவு நல்லதா வந்தாலும், அது தேவைப்படுற நிலைமை வந்த பிறகுதான் அது கைக்குக் கிடைக்கும். கதை அதுக்கு முன்னாடியே வந்துடும். பொண்ணுக்கு மட்டும் இல்லை, அவ அம்மாவுக்கும்தான். கோர்ட்டு நகலை எந்த அம்மாவும் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்துக்கிட்டே படிக்க மாட்டாங்க. ஒரு தொடர்கதையைப் படிப்பாங்க. அந்தப் பொண்ணு மேல பரிதாபப்படுவாங்க, ரெண்டு பேரும் சேரணுமேன்னு கவலைப்படுவாங்க. நாளைக்குத் தன் மக வந்து நின்னா, அந்தக் கவலை ஞாபகத்துக்கு வரலாம். அதனாலதான் இது கவிதை, கட்டுரையோட நிக்காம, ஜனரஞ்சகத் தமிழ்ல வரணும்னு சொல்றேன்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரே மூச்சில் முடிக்கணும்னா 'லிஹாஃப்'. சிறுகதைதான். ராத்திரி பயந்துக்கிட்டே படிக்க 'கார்மில்லா'. காப்புரிமைக் காலம் முடிஞ்சதால ஆங்கிலத்துல இலவசமாவே கிடைக்கும். படம் பார்த்துக்கிட்டே போக 'காரி'. மனசு கனமா இருக்கிற நாள்ல 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்'. லீவு நீளமா இருந்தா 'தி ஜாஸ்மின் த்ரோன்'. அது மூணு பாகத்துல முதல் பாகம், முன்கூட்டியே சொல்லிட்டேன்!

வீட்டுல எல்லாரும் ஒரே போனைப் பயன்படுத்தினா, ஆப்புக்குத் தனி லாக் போட்டுக்கோங்க. எதைப் படிக்கிறோம்னு யார்கிட்ட, எப்போ சொல்லணும்ங்கிறது உங்க முடிவு. யாரும் அவசரப்படுத்தக் கூடாது. மனசு ரொம்பத் தளர்ந்து போச்சுன்னா 14416 (டெலி மானஸ்) அல்லது 104-க்குக் கூப்பிடுங்க. தமிழ்லயே பேசலாம்.

நம்ம பஸ் இதுக்குள்ள 70-வது வளைவைத் தாண்டியிருக்கும். கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்ட பொண்ணு, நிம்மதியா முதல் பக்கத்துக்குத் திரும்பியிருப்பா. என் ஆசை ரொம்பச் சின்னது. அடுத்த லீவுக்கு அவ டவுன்லோடு பண்றது தமிழ்க் கதையா இருக்கணும். அதுல ரெண்டு பொண்ணுங்க கடைசி பஸ்ஸை விட்டுட்டு, பேசிக்கிட்டே பெரக்கரை நாட்டுக்கு நடந்து போகணும். வீடு போய்ச் சேரணும்.